வாசலில் கழற்றி வைத்த எச்சரிக்கை

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று எங்கள் வீட்டில் முதலில் நெருப்பைக் காண்பது பிரியாணி தேக்சா அன்று, ஈரல்தான். தொழுகை முடிந்து, குர்பானி கொடுத்து, பெரியவர்கள் கறியை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டிருக்கும் வேளையில், என் நன்னி கும்முட்டி அடுப்பைக் கொல்லைப்புறத்திற்குத் தூக்கிச் சென்று கரியை மூட்டுவார். ஈரல் துண்டுகளில் உப்பும் மிளகும் தடவி, கம்பியில் கோத்து வாட்டிக் கொடுப்பார். இரத்தம் குறைந்த பிள்ளைக்கென்றும் பிள்ளை பெற்றவளுக்கென்றும் சுவரொட்டியைத் தனியே சுட்டு எடுத்து வைப்பார். அந்த வாசனை எழும்போதுதான் சிறுவர்களாகிய எங்களுக்குப் பெருநாள் பிறக்கும்.

இன்று இதற்குப் 'பார்பிக்யூ' என்று பெயர். கரீபியன் தீவுகளின் பூர்வ குடிகள் நெருப்புக்கு மேல் மரச்சட்டம் அமைத்து இறைச்சியை வாட்டினர். அச்சட்டத்திற்கு அவர்கள் வழங்கிய சொல்லே ஸ்பானியர் வழியாக உலகெங்கும் பரவியது என்பர். பெயர் எங்கிருந்து வந்தாலும் செயல் நமக்குப் புதிதன்று. புதிதாக வந்திருப்பது அடுப்புதான். வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பும் நம் பிள்ளைகள் அங்குக் கடற்கரையிலும் பூங்காவிலும் குடும்பம் குடும்பமாக அமர்ந்து கறி சுடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கு வந்ததும் வீட்டிலும் அப்படியோர் அடுப்பு வேண்டும் என்கிறார்கள். விருப்பத்தில் தவறில்லை. ஆனால் அந்த அடுப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் பயன்படுத்துவதிலும் நான் இரண்டு முறை தவறினேன். ஒன்று தப்பியது, மற்றொன்று எங்கள் வீட்டையே உலுக்கிவிட்டது. வாசகர் வீடுகளில் அது நிகழலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பீப்பாயின் பூர்வீகம்

என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் முப்பது ஆண்டுகள் பராமரிப்புப் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய இரும்பு உலையில் உருகி, பாளமாகி, மீண்டும் செஞ்சூடேறி, உருளைகளுக்கிடையே கம்பியாக ஓடி வருவதைப் பார்த்தே என் வாலிபம் கழிந்தது. இரும்பையும் நெருப்பையும் அறிந்தவன் என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது.

தமாமில் பணிபுரியும் என் தங்கை மகன் சில ஆண்டுகளுக்கு முன்பு பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்தான். "மாமு, கடையில் விற்கும் அடுப்பெல்லாம் தகரம்போல் இருக்கிறது. பீப்பாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக் கால் வைத்துவிட்டால் போதும். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்" என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது. தொழிற்பேட்டையைச் சுற்றிப் பழைய இரும்புக் கடைகளுக்குக் குறைவில்லை. நம் பக்கத்தில் அதனைக் காயலான் கடை என்பர்; காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மறுநாளே ஒரு 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. நீல வண்ணம், ஒட்டியிருந்த தாள் கிழிந்து பாதிதான் மிஞ்சியிருந்தது. கேஸ் கட்டர் வைத்திருக்கும் பட்டறைக்காரரையும் வரச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி பழவேற்காட்டுப் பெண். அதிகம் பேசமாட்டாள். பீப்பாயின் வாயருகே முகர்ந்து பார்த்துவிட்டு, "இதில் என்னங்க இருந்தது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "உங்கள் மில்லில் இதை இப்படியே வெட்ட விடுவார்களா?" என்றாள்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. விடமாட்டார்கள். உள்ளே இருந்தது இன்னதென்று அறியாத பீப்பாயின் அருகே நெருப்பைக் கொண்டுசெல்ல எந்த ஆலையிலும் அனுமதியில்லை. காலிப் பீப்பாய் என்கிறோமே, அது காலியன்று. அடியில் ஒரு கரண்டி அளவு திரவம் தங்கியிருந்தாலும் அதன் ஆவி பீப்பாய் முழுவதும் நிறைந்திருக்கும். கட்டரின் சுடர் பட்டதும் அது வெடிகுண்டாகிவிடும். வெடிக்காமல் தப்பினாலும் ஆபத்து நீங்குவதில்லை. உட்புறம் பூசப்பட்ட பூச்சும், உலோகத்தில் படிந்த இரசாயனமும் சூடேறும்போதெல்லாம் புகையாகி நாம் உண்ணும் கறியில் படியும். வேதிப்பொருளும் வண்ணப்பூச்சும் பூச்சிமருந்தும் வந்த பீப்பாய்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கழுவியாயிற்று, எரித்தாயிற்று என்று கடைக்காரர் சொல்வதை நம்பிக் குடும்பத்தின் உணவை அதில் வைக்க முடியுமா?

தங்கை மகன் வாங்கி வந்த கம்பி வலையையும் அப்போதுதான் கவனித்தேன். பளபளவென்று வெள்ளைப் பூச்சு, ஜி.ஐ. வலை. அந்தப் பூச்சு துத்தநாகம். அது உருகும் வெப்பம் ஏறக்குறைய 420 டிகிரி செல்சியஸ். கனன்று சிவந்த கரியின் வெப்பம் அதனினும் மிகுதி. ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்த அன்று மாலையில் குளிரும் காய்ச்சலுமாகப் படுத்துவிடும் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். துத்தநாகப் புகை செய்யும் வேலை அது. அந்த வலையின்மேல்தானா பேரப்பிள்ளைகளுக்குக் கறி சுடுவது?

பீப்பாய் வந்த வண்டியிலேயே திரும்பிச் சென்றது. மில்லின் வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றி வைக்கும்போது எச்சரிக்கையையும் உடன் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அன்று முதன்முறையாக எனக்கு உறைத்தது.

நாங்கள் செய்துகொண்ட அடுப்பு

பிறகு பட்டறையில் புதிய இரும்புத் தகட்டில் ஓர் அடுப்புச் செய்துகொண்டோம். 3 மில்லிமீட்டர் கனம். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு தொட்டி. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடுகள். சில முறை சூடேறியதும் நெளிந்து ஓட்டையாகிவிடும். வாங்குவோர் விலைச்சீட்டைப் பார்க்குமுன் தகட்டைச் சுண்டிப் பார்ப்பது நல்லது.

தொட்டியின் அடியில் காற்று நுழைய அரை அங்குலத் துளைகள் இட்டோம். கரி அடிமட்டத்தில் படிந்து துளைகளை அடைத்துவிடாதபடி, அதற்கென ஒரு கம்பிச் சட்டம். அதற்கு மேல் சுமார் ஐந்து அங்குல உயரத்தில் கறி வைக்கும் கம்பித் தட்டு. இத்தட்டுக்கு மட்டும் பணத்தைப் பார்க்க வேண்டாம் என்பேன். உணவு தொடும் இடம் அதுவே. 304 என்னும் தரமுள்ள எவர்சில்வர் கம்பி துருப்பிடிக்காது. வார்ப்பிரும்பும் நல்லது, தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். துத்தநாகப் பூச்சும் குரோமியம் உரிந்துபோன பழைய தட்டுகளும் வேண்டாம். கால்கள் இடுப்பளவு உயரம் இருந்தால் குனிந்து முதுகு வலிக்காது. தவழும் குழந்தைக்கும் எட்டாது.

புதிய தகட்டில் ஆலை எண்ணெயும் கருஞ்செதிலும் இருக்கும். ஆகவே முதல் நெருப்பு சமையலுக்கு அன்று. ஒரு மணி நேரம் வெறுங்கரியை எரித்து, ஆறிய பின் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

பட்டறையில் செய்த அடுப்பு என்று எவரும் இளக்காரமாக எண்ண வேண்டியதில்லை. உலகப் புகழ்பெற்ற வெபர் என்னும் உருண்டை அடுப்பு பிறந்ததும் ஓர் உலோகப் பட்டறையில்தான். அமெரிக்காவில் சிகாகோ நகருக்கருகே நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைகள் செய்துவந்த பட்டறையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952இல் அம்மிதவைக் கோளத்தையே இரண்டாக்கி, ஒன்றை அடுப்பாகவும் மற்றொன்றை மூடியாகவும் ஆக்கினார். காற்றும் மழையும் நெருப்பைக் கெடுக்காதிருக்க மூடி. நெருப்பை வேண்டிய அளவு கூட்டவும் குறைக்கவும் காற்றுத் துளைகள். அவர் எடுத்தது மிதவைக்கென வந்த உலோகம் என்பதையும், ஊர்பேர் தெரியாத இரசாயனப் பீப்பாயை அல்ல என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

அந்த மழை மாலை

அடுப்பு நன்றாகவே அமைந்தது. பெருநாளன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் கொல்லைப்புறத்தில் கரியை மூட்டினோம். கடற்காற்று வீசியது. மாமியார் வீட்டிலிருந்து வந்த பழவேற்காட்டு மடவை மீனும் இறாலும் ஒருபுறம். குர்பானிக் கறி மறுபுறம். பாதிக் கறி வெந்திருக்கும்போது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

கரி நன்றாகச் சிவந்து, மேலே வெண்சாம்பல் படர்ந்திருந்தது. புகை சிறிதுமில்லை. "இதைப்போய் மழையில் விடுவதா?" என்று நானும் தங்கை மகனும் சாக்கைக் கையிற் சுற்றிக்கொண்டு அடுப்பைத் தூக்கி வந்து முன்புறத் தாழ்வாரத்தில் வைத்தோம். அது மூன்று பக்கம் சுவருள்ள தாழ்வாரம். நாலாவது பக்கம் சாரல் அடிக்கிறதென்று தார்ப்பாய்ப் படுதாவையும் இறக்கிவிட்டோம். மாமியாரும் பேத்தியும் அங்கேயே பாய் விரித்து அமர்ந்திருந்தனர். சிரிப்பும் பேச்சுமாக அரைமணி நேரத்திற்கு மேல் கழிந்தது.

முதலில் என் மனைவி தலை வலிக்கிறது என்றாள். பெருநாள் வேலைக் களைப்பு என்று எண்ணினேன். மாமியார் நெஞ்சைப் புரட்டுகிறது என்றார். கறி ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்றோம். ஆறு வயதுப் பேத்தி பாயில் சாய்ந்து உறங்கிவிட்டாள். தட்டில் வைத்த ஈரல் அப்படியே இருந்தது. ஈரல் என்றால் பறக்கும் பிள்ளை உண்ணாமல் உறங்குவதா என்று எழுப்பினேன். அவள் தலை தொங்கியது; கண் திறக்கவில்லை.

அந்தக் கணத்தில் எங்கள் மில்லின் அறிவிப்புப் பலகை என் கண்முன் வந்து நின்றது. அங்கே பாளங்களைச் சூடாக்கும் உலைக்கு நிலக்கரியிலிருந்து வாயு எடுப்பார்கள். அவ்வாயுவில் எரியும் பகுதியில் பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடு. மண்டையோட்டுப் படம் வரைந்து, 'நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் கண்டால் வெளியேறு' என்று எழுதி வைத்திருப்பார்கள். முப்பது ஆண்டுகள் நாள்தோறும் அதைக் கடந்து சென்றவன் நான்!

"எல்லோரும் வெளியே வாருங்கள்!" என்று கத்தியபடி பேத்தியை அள்ளிக்கொண்டு மழையில் ஓடினேன். தங்கை மகன் படுதாவை அறுத்தெறிந்துவிட்டு மாமியாரைத் தாங்கி வந்தான். மருத்துவமனையில் இருவருக்கும் முகமூடி வழியே ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இரவு பத்து மணிக்குப் பேத்தி கண் விழித்து, "ஈரல் எங்கே?" என்று கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ்! அன்று நான் அழுததுபோல் என் தந்தையார் மௌத்தானபோதும் அழுததில்லை.

மருத்துவர் விளக்கினார். கரி எரியும்போது போதிய காற்று இல்லையெனில் கார்பன் மோனாக்சைடு மிகுந்து வெளிப்படும். இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், உடலுக்கு உயிர்க்காற்று சேராது. குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற பெண்களும் முதலில் பாதிக்கப்படுவர். புகை அடங்கிச் சிவந்த கனலும், சாம்பல் மூடிய கனலும் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். புகையில்லை, ஆகவே தீங்கில்லை என்று நாங்கள் எண்ணியதுதான் பெரும்பிழை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்த புதுமையன்று. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னுமிடத்தில், குளிருக்காக அறையில் எரிவாயு ஹீட்டரை வைத்துக்கொண்டு உறங்கிய கேரளத்துப் பயணிகள் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, உயிரிழந்தனர். 2024இல் நமது கொடைக்கானலில் தங்கும் விடுதி அறைக்குள் கறி சுட்ட கரியடுப்பு அணையாதிருக்க உறங்கிப்போன இளைஞர்கள் இருவர் எழவேயில்லை. உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நெருப்பு என்றால் சுடர் மட்டுமே என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். சாம்பலுக்குள் கண்மூடிக் கிடப்பதும் நெருப்பே அன்றோ?

இப்போது எங்கள் வழக்கம்

அடுப்பை நாங்கள் தூக்கி எறியவில்லை. தவறு அடுப்பினுடையதன்று. ஆனால் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம்.

இடம்: திறந்த வெளி மட்டுமே. தாழ்வாரம், வண்டி நிறுத்தும் கொட்டகை, ஜன்னல் திறந்த அறை எதுவும் ஆகாது. கூரைக்கும் துணிக்கொடிக்கும் பத்தடி விலகியிருக்க வேண்டும். காற்று அண்டை வீட்டு ஜன்னலை நோக்கி வீசினால் இடத்தை மாற்றுவோம். அவர்களுக்குச் செல்ல வேண்டியது புகையன்று, ஒரு தட்டுக் கறி. மழை வந்தால் கறிதான் உள்ளே வரும். சமையலறை அடுப்பில் தோசைக்கல்லின்மீது வெந்துகொள்ளும். நெருப்பு மழையிலேயே இருக்கட்டும்.

கரி: இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி கெட்டியானது, நின்று எரியும். தொழிற்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிப் பலகைகளை விறகாக்குவோர் உண்டு. ஏற்றுமதி இறக்குமதிப் பலகைகளில் ஆங்கில எழுத்தில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் பதப்படுத்தியது. முத்திரை எதுவாயினும், அப்பலகையில் என்ன சிந்தியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வண்ணம் பூசிய மரமும் பிளைவுட்டும் கூடவே கூடாது.

மூட்டுதல்: மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம். ஆறு அங்குல விட்டமுள்ள பூச்சற்ற இரும்புக் குழாயில் ஓரடித் துண்டு வெட்டி, அடியில் கம்பி வைத்து, பக்கங்களில் துளையிட்டுக்கொண்டோம். கீழே தேங்காய் நார், மேலே கரி. இருபது நிமிடத்தில் தானே பற்றிக்கொள்ளும். வெண்சாம்பல் படர்ந்த பிறகே கறி வைக்க வேண்டும்.

சுடுதல்: கனலைத் தொட்டியின் ஒரு பாதியில் மட்டும் பரப்புவோம். கறியை அங்கே சிவக்க விட்டு, பின் கனலில்லாத பக்கம் நகர்த்தி நிதானமாக வேகவிடுவோம். கொழுப்பு சொட்டிச் சுடர் எழுந்து கரியும் கறி உடலுக்கு நல்லதன்று. ஆகவே கொழுப்பை முன்பே அகற்றிவிடுவோம். கருகியதை வெட்டி எறிவோம். ஆட்டுக்கறிக்குத் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகுடன் பப்பாளிக்காய் விழுது சிறிது சேர்த்து ஒரு மணி நேரம் ஊறினால் மெத்தென்றாகும். இரவு முழுவதும் விட்டால் குழைந்துவிடும். கோழியின் உட்புறம் 74 டிகிரியும், கொத்துக்கறிக் கபாப் 71 டிகிரியும் எட்ட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பச்சைக் கறி வைத்த தட்டில் சுட்ட கறியை எடுப்பதில்லை.

அணைத்தல்: இதற்குத்தான் இப்போது நான் பொறுப்பு. கடைசிக் கம்பி இறங்கியதும் கனலைத் தண்ணீர் நிறைந்த இரும்பு வாளியில் சிறிது சிறிதாக இட்டு அணைக்கிறேன். சாம்பலை மறுநாள் வரை தொடுவதில்லை. மேலே ஆறியதுபோல் தோன்றி உள்ளே கனன்று குழந்தைகளின் காலைச் சுட்ட கதைகள் உண்டு.

அடுக்குமாடியில் வசிப்போர் கரியடுப்பை மறந்துவிடுவதே நலம். மின்சார கிரில் ஒன்று போதும். 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியர் பிளக்கில் செருக வேண்டும்.

அன்பு வாசகர்களே! திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டுமா, நம் சமுதாயத்தில் எத்தனையோ வீடுகளில் ஒருவர் பட்டறையிலோ ஆலையிலோ எண்ணெய்க் கிணற்றிலோ பணிபுரிகிறார். நெருப்பையும் வாயுவையும் பற்றி அவர் பயின்ற பாடங்கள் பல. பணி முடிந்ததும் அவற்றைத் தலைக்கவசத்தோடு ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். வீட்டில் உள்ளோர் கேட்டால்தான் அவை வீட்டுக்கு வரும். என் மனைவி பீப்பாயைப் பார்த்துக் கேட்டாள். ஓர் ஆபத்து வாசலோடு திரும்பிற்று. மழை மாலையில் யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் பேத்திக்குப் பதின்மூன்று வயது. ஒவ்வொரு பெருநாள் மாலையும் நான் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வரும்போது வாசற்படியில் நின்று கேட்கிறாள்: "நன்னா, நெருப்பு அணைந்துவிட்டதா? தொட்டுப் பார்த்தீர்களா?" நான் திரும்பிச் சென்று, ஒரு முறை பார்த்துவிட்டே வருகிறேன்.